வைஃபை இருக்கிறது, போன் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் பிரவுசர் திறக்கவில்லை: விண்டோஸ் மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உப்புவெளியில் வீடு, ஃபைபர் இணைப்பு. வீட்டில் உள்ள போன்கள் வைஃபையில் ஒழுங்காக ஓடுகின்றன. லேப்டாப்பிலும் வைஃபை அடையாளம் முழுதாகக் காட்டுகிறது. ஆனால் குரோமைத் திறந்தால் 'இணையம் இல்லை' என்று ஒரு பக்கம் வருகிறது. தம்பி பென்டிரைவில் கொண்டுவந்த குரோமை அழித்துத் திரும்பப் போட்டும் மாறவில்லை. எட்ஜிலும் இதே நிலைமை. டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, விண்டோஸ் பழுது, அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். மகளின் ஏ.எல். பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. போடக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விண்டோஸ் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது, லேப்டாப்பில் தொடங்கி வெளி உலகம் வரை போகிற பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதைத்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குத்தான். திருமலையில் கணினி திருத்துவதும் ஒப்பிஸ்களுக்கு நெட்வேர்க் இழுத்துக் கொடுப்பதும் பல வருடங்களாக என் தொழில், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். விண்டோஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் விவரத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் புரோக்சி செட்டிங், அதாவது பிரவுசரை நேரே வெளியே விடாமல் நடுவில் ஓர் இடைத்தரகர் வழியாகப் போகச் சொல்லும் செட்டிங். இரண்டாவது, அன்டிவைரஸ் அல்லது பழைய விபிஎன் (தடையைத் தாண்ட இணையப் போக்குவரத்தை வேறு வழியால் சுற்றி அனுப்பும் அப்) ஒன்றின் மிச்சம். மூன்றாவது டிஎன்எஸ், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை. மெஷினைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொன்னால் அது சாத்திரம் சொல்வதாகிவிடும். ஆனால் இந்த மூன்றில் எது என்பதை நீங்களே வீட்டில் இருந்து பார்த்துவிடலாம், அரை மணி நேரம் போதும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றும் இருக்கிறது. குரோமில் பழுது இல்லை. குரோமும் எட்ஜும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நின்றால், பழுது அவை இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் இருந்து எட்ஜும் குரோமும் உள்ளே ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. இரண்டும் வெளியே போகும் வழியை விண்டோஸின் செட்டிங்கில் இருந்துதான் எடுக்கின்றன. அதனால்தான் குரோமை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் பலன் இல்லை, பழுதான செட்டிங் குரோமுக்கு வெளியே அப்படியே கிடக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சரி பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை முழுதாக நிறுத்திவிட்டு, வைஃபை மட்டும் இருக்க, ஒரு புதிய இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். இப்போதைய போன்கள் கெட்டித்தனமானவை. வைஃபையில் இணையம் வராவிட்டால் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், மேலே வைஃபை அடையாளம்கூட சில நேரம் அப்படியே நிற்கும். 'போனில் ஓடுகிறது, லேப்டாப்பில் இல்லை' என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் ரவுட்டரிலேயே இணையம் இருப்பதில்லை. டேட்டாவை நிறுத்தியதும் போனிலும் நின்றுவிட்டால் லேப்டாப்பை மூடி வையுங்கள், பிரச்சினை ரவுட்டரிலோ லைனிலோதான். போனில் தொடர்ந்து ஓடினால் லைன் நல்லது, ரவுட்டர் நல்லது, குற்றம் லேப்டாப்புக்குள். அடுத்து வருபவை அந்த இரண்டாவது நிலைமைக்கு.

அந்த 'இணையம் இல்லை' பக்கத்தை இன்னொரு தடவை திறவுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பை நம்ப வேண்டாம். அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தாக, சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட்டு ஒரு வரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதை வாசிப்பதே இல்லை, போட்டோ எடுத்து அனுப்பும்போதும் அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். மருந்துச் சீட்டில் டொக்டரின் கையெழுத்து மாதிரிப் பார்ப்பதற்கு ஒன்றும் விளங்காது, ஆனால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அந்த வரியில் 'புரோக்சி' என்ற சொல் இருந்தால் என் முதல் சந்தேகம் சரி. 'டிஎன்எஸ்' அல்லது 'நேம் நொட் ரிசோல்வ்ட்' என்று இருந்தால் பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் பழுது. நடுவில் 'செர்ட்' என்று வந்து 'டேட் இன்வாலிட்' என்று முடிந்தால் லேப்டாப்பின் திகதி பிழை. 'நெட்வேர்க் அக்சஸ் டினைட்' என்றால் ஃபயர்வோலோ அன்டிவைரஸோ தடுக்கிறது. 'இன்டர்நெட் டிஸ்கனெக்டட்' என்றால் லேப்டாப் தனக்கே இணைப்பு இல்லை என்று நினைக்கிறது, வைஃபை பக்கத்தைப் பார்க்க வேண்டும். 'டைம்ட் அவுட்' மட்டும் கொஞ்சம் மழுப்பலான வரி. லேப்டாப் அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை என்பதைத் தவிர அதில் இருந்து பெரிதாக ஒன்றும் எடுக்க முடியாது. புரோக்சிப் பழுதுக்கும் மேலே தலைப்பாக வருவது 'இணையம் இல்லை' என்பதுதான். நீங்கள் அந்தத் தலைப்பைத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், கீழ்வரியை எழுதவில்லை.

பிறகு ஒரு பரிசோதனை. ஸ்டார்ட்டில் ஆங்கிலத்தில் சிஎம்டி என்ற மூன்று எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் கறுப்பு ஜன்னல் ஒன்று வரும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று போட்டு என்டர் அடியுங்கள். அது 2009 முதல் கூகுள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஒரு சேவையின் முகவரி. விண்டோஸ் அங்கே நான்கு சிறிய தரவுப் பொட்டலங்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வந்ததா என்று ஒரு வரி எழுதும். 'ரிப்ளை' என்று வந்தால் லேப்டாப்பில் இருந்து வெளி உலகத்துக்கு வழி இருக்கிறது. அடுத்தது அதே மாதிரி, எண்ணுக்குப் பதிலாக கூகுளின் முகவரியைப் பெயராகத் தட்டுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் அது டிஎன்எஸ் பிரச்சினை, ஏறத்தாழ சந்தேகமே வேண்டாம். இரண்டுக்கும் பதில் வந்தும் பிரவுசர் திறக்கவில்லை என்றால் புரோக்சி, அன்டிவைரஸ், திகதி ஆகிய மூன்றில் ஒன்று. காரணம், பிங் புரோக்சி வழியாகப் போவதில்லை, நேரே போகிறது. பிரவுசர் மட்டும்தான் புரோக்சி சொல்கிற வழியில் போகும். எண்ணுக்கே பதில் வரவில்லை என்றால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். சில அன்டிவைரஸ்களும் சில ஒப்பிஸ் நெட்வேர்க்குகளும் பிங்கை வேண்டுமென்றே மறிக்கும். பதில் வந்தால் வழி இருக்கிறது என்பது நிச்சயம், பதில் வராவிட்டால் வழி இல்லை என்பது நிச்சயம் இல்லை.

சரி, புரோக்சிக்கு வருவோம். செட்டிங்ஸைத் திறந்து, நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், அதற்குள் புரோக்சி. அங்கே 'செட்டிங்கைத் தானாகக் கண்டறி' என்ற பொருளில் ஒன்று இருக்கும், அது ஒன்னில், அதாவது இயங்கும் நிலையில், இருக்கலாம். அதற்குக் கீழே 'செட்அப் ஸ்கிரிப்ட்' என்றும் 'புரோக்சி சேர்வர்' என்றும் இரண்டு. வீட்டு இணைப்பில் இந்த இரண்டும் ஒஃப்பில் இருக்க வேண்டும். புரோக்சி சேர்வர் ஒன்னில் இருந்து, முகவரியில் 127.0.0.1 என்று இருந்தால் கள்ளனைப் பிடித்துவிட்டீர்கள். 127.0.0.1 என்றால் இந்தக் கணினியேதான், வேறு எங்கும் இல்லை. நடந்தது பெரும்பாலும் இப்படி இருக்கும்: எங்கோ இலவசமாக இறக்கிய சொஃப்ட்வேர் ஒன்றோடு விளம்பரம் காட்டுகிற புரோகிராம் ஒன்று சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டு, பிரவுசரில் இருந்து போகிறதெல்லாம் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று இந்த முகவரியை எழுதி வைத்திருக்கும். அது உயிரோடு இருந்த காலத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, கொஞ்சம் விளம்பரம் கூடியிருக்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அன்டிவைரஸ் அதைப் பிடித்து அழித்துவிட்டது. புரோகிராம் போய்விட்டது, அது எழுதி வைத்த செட்டிங் போகவில்லை. இப்போது குரோமும் எட்ஜும் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கின்றன. 'நேற்று அன்டிவைரஸ் ஏதோ வைரஸ் பிடித்தது என்று காட்டியது, இன்று காலையில் இருந்து நெட் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் கை வைக்கும் முதல் இடம் இதுதான்.

அந்த சுவிட்சை ஒஃப் செய்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். திறந்தால் வேலை முடிந்தது. ஆனால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்த பிறகு அதே செட்டிங்கைத் திரும்பவும் போய்ப் பாருங்கள். சுவிட்ச் தானாக ஒன்னுக்கு வந்திருந்தால் அந்தப் புரோகிராம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது இன்ஸ்டோல் ஆன அப்களின் பட்டியலைத் திகதி வரிசையில் போட்டு, பிரச்சினை தொடங்கிய நாட்களில் வந்ததும் உங்களுக்குத் தெரியாததுமாக இருப்பதை அகற்றுங்கள். பிறகு விண்டோஸ் செக்கியூரிட்டியில் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட விடுங்கள். அது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். நடுவில் திரை கறுப்பாகிவிட்டது என்று பயந்து பவர் பட்டனை அமர்த்திவிடாதீர்கள்.

புரோக்சி சுத்தமாக இருந்தால் அடுத்தது அன்டிவைரஸும் விபிஎன்னும். வாங்கும்போது கூடவே வந்த இலவச அன்டிவைரஸ்கள் காலாவதியான பிறகு ஒழுங்காக ஒதுங்கிப் போவதில்லை. சில வகைகள் பிரவுசர் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டி அனுப்புகிறவை, அந்த இடத்தில் கோளாறு வந்தால் எல்லா பிரவுசரும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துப் பார்ப்பது போதாது, முழுதாக அகற்றிப் பார்க்க வேண்டும். அகற்றினால் விண்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாக எழும்பிக்கொள்ளும், வெறுமையாகக் கிடக்காது.

விபிஎன் கதை நம் நாட்டுக்கே உரியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றைத் தடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஊரே கைக்குக் கிடைத்த விபிஎன்னை இறக்கியது. தடை நீங்கியது, விபிஎன் நீங்கவில்லை. பல லேப்டாப்களில் அது இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. அவற்றில் சிலவற்றுக்கு, விபிஎன் இணைப்பு இல்லாவிட்டால் வேறு எதையும் வெளியே விடாதே என்று ஒரு பூட்டு இருக்கும். இலவச சேவை மூடப்பட்டு, பூட்டு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் லேப்டாப் அந்தக் காலத்தில் வாங்கியதா, அல்லது அதற்குப் பிறகு யாரிடமாவது கைமாறி வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும் பட்டியலில் விபிஎன் என்ற பெயரோடு இருப்பதை அகற்றிவிடுங்கள்.

டிஎன்எஸ் என்று தெரிந்தால் திருத்துவது சுலபம். நாம் தட்டுவது பெயர், கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எண்ணால், நடுவில் மாற்றிக் கொடுப்பது டிஎன்எஸ். வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் சேர்வர் என்ற இடத்தில் 'ஒட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். அங்கே யாரோ முன்பு கையால் ஓர் எண் போட்டிருந்தால் அதை ஒட்டோமேட்டிக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஏற்கனவே ஒட்டோமேட்டிக் என்றால் 8.8.8.8 அல்லது 2018இல் வந்த 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள். கறுப்பு ஜன்னலில் பழைய டிஎன்எஸ் நினைவைக் கழுவும் கட்டளையும் இருக்கிறது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தாலே அதுவும் கழுவப்படும், புதிதாகப் பாடமாக்க வேண்டாம். குரோமின் பிரைவசி பக்கத்தில் 'செக்கியூர் டிஎன்எஸ்' என்று தனியே ஒன்று இருக்கிறது. அதில் யாராவது வேறு சேவையைத் தேர்ந்து வைத்திருந்தால் விண்டோஸில் நீங்கள் திருத்தியது குரோமுக்கு எட்டாது. ஆண்ட்ராய்ட் போன்களில் 9ஆம் பதிப்பில் இருந்து 'பிரைவட் டிஎன்எஸ்' என்ற பெயரில் இதே சங்கதி உண்டு. விளம்பரம் வராமல் இருக்க என்று பிள்ளைகள் அதில் ஏதோ பெயரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பிறகு அந்தச் சேவை நின்றதும் போனில் நெட் இல்லை என்று நமக்கு அழைப்பு வரும்.

திகதி விஷயத்தைச் சிரிப்பாக எடுக்க வேண்டாம். இணையத் தளங்கள் தங்களை அடையாளம் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2020 செப்டெம்பர் முதல் அதற்கு உச்ச எல்லை 398 நாள் என்று குறைத்தார்கள், அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் கணினியின் திகதி சில வருடங்கள் பின்னே போயிருந்தால் ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் 'இன்னும் பிறக்காதது' ஆகிவிடும், பிரவுசர் எதையும் திறக்காது. இதில் ஒரு வேடிக்கை. விண்டோஸ் தனக்கு இணையம் இருக்கிறதா என்று பார்ப்பது மைக்ரோசொஃப்டின் ஒரு சின்ன எழுத்துக் கோப்பைச் சான்றிதழ் கேட்காத பழைய வழியில் இறக்கித்தான். அதனால் கீழே மூலையில் 'இணைந்திருக்கிறது' என்றே காட்டும், பிரவுசர் மட்டும் மறுக்கும். பழைய மேசைக் கணினியில் இது வந்தால் மதர்போர்டில் ஒற்றை நாணயம் மாதிரி பதிந்திருக்கும் சிஆர்2032 பட்டரியை மாற்றுங்கள். அது 3 வோல்ட், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். லேப்டாப்களில் சிலவற்றுக்குத்தான் அந்தப் பட்டரி தனியே உண்டு. எப்படியோ, வலது மூலையில் வருடத்தையும் பாருங்கள். எல்லோரும் மணியைத்தான் பார்ப்பார்கள். நேர வலயத்தில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரோடு இருக்கும் ஐந்தரை மணி நேர வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்தியதும் நெட் நின்றுவிட்ட ஆட்களுக்கு இனி. ஃபைபர் பெட்டியில் பி.ஓ.என். என்ற விளக்கு பச்சையாக அசையாமல் நிற்க வேண்டும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால் வெளியில் இருந்து வெளிச்சமே வரவில்லை. அலுமாரிக்குப் பின்னால் அந்த மெல்லிய வயர் நசுங்கியோ மடிந்தோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இழுத்துப் பிடுங்க வேண்டாம். மிச்சம் கம்பனி ஆளின் வேலை. நெட் கம்பனியின் அப்பில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக் கடைசியில் எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை அதோடு முடிந்துவிடும்.

போனில் இருந்து ஹொட்ஸ்பொட் போட்டு லேப்டாப் பாவிக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு மட்டும், அல்லது யூடியூபுக்கு மட்டும் என்று போடுகிற பெக்கேஜ்கள். சாதாரண டேட்டா முடிந்த பிறகு வாட்ஸ்அப் மட்டும் ஓடும், பிரவுசர் எதையும் திறக்காது. பார்க்கிறவருக்கு நெட் இருப்பதாகத்தான் தோன்றும். மூதூர், கிண்ணியாப் பக்கம் இருந்து கெம்பஸ் பிள்ளைகள் கொண்டுவருகிற லேப்டாப்களில் இதைப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் ஒன்றுமே இருக்காது, போனில் ஒரு ரீலோட் போட்டால் தீரும்.

நம் ஊருக்கென்று ஒரு பழுது உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொழும்பில் இருந்து யூடியூபில் பாடம் எடுக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கடற்காற்று. நிலாவெளி, உப்புவெளிக் கரையோர வீடுகளிலும் கெஸ்ட் ஹவுஸ்களிலும் நெட்வேர்க் வயரின் முனையைக் கழற்றி, போன் டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தால், அந்த எட்டு பொன்னிறத் தகடுகளில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கும். விளக்கு எரியும், கணினி 'இணைந்திருக்கிறது' என்று சொல்லும், ஆனால் பக்கம் பாதியில் நிற்கும், பின்னேரம் நல்லாக ஓடும், காலையில் நிற்கும். வயரைக் கழற்றிச் செருகினால் சரியாகிவிடும், இரண்டு நாளில் திரும்ப வரும். அதைச் சுரண்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, முனையை வெட்டிப் புதிது அடிக்க வேண்டும். ரவுட்டரின் பக்கத்துத் துளையும் பச்சையாகியிருந்தால் வேறு துளைக்கு மாற்றுங்கள். இரண்டாவது, மாரி தொடங்குகிற ஐப்பசி இடி. ஃபைபர் வயர் மின்னலைக் கடத்தாது என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறோம், ஆனால் கரண்ட் அடப்டர் வழியாகவும் கூரையில் இருந்து வரும் கெமரா வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். ரவுட்டர் முழுதாகச் சாகாமல், வயர் துளைகள் மட்டும் செத்து வைஃபை உயிரோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு வைஃபை என்பதால் இவை பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு வயர் பாவிக்கிறவர்கள் யாராவது வந்தால் பாருங்கள்.

கறுப்பு ஜன்னலில் ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் உங்கள் லேப்டாப்பின் எண் வரும். அது 192.168 என்று தொடங்கினால் வீட்டு ரவுட்டர் ஒழுங்காக முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் ஒன்றும் கொடுக்கவில்லை, லேப்டாப் தனக்குத்தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வைஃபையை 'ஃபொர்கெட்' செய்து, பாஸ்வேர்ட் போட்டுத் திரும்ப இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். கெஸ்ட் ஹவுஸ் வைஃபை என்றால் லொகின் பக்கம் வராமல் நிற்பது வேறு பிரச்சினை, அதை இங்கே இழுக்கவில்லை.

கூகுள் திறக்கிறது, வேறு சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்று ஒரு வகை உண்டு. அதற்குப் பொட்டல அளவு காரணமாக இருக்கலாம். சாதாரண நெட்வேர்க்கில் ஒரு பொட்டலம் 1500 பைட், பிபிபிஓஈ என்ற முறையில் போகும் லைன்களில் அது 1492 ஆகக் குறைகிறது, அந்த எட்டு பைட் வித்தியாசத்தை ரவுட்டர் சரியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பெரிய பொட்டலங்கள் மட்டும் வழியில் தொலையும். இது உங்கள் நிலைமை என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அப்படி என்றால் போனிலும் தெரிந்திருக்கும். விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற மெஷின் என்றால் இன்னொரு சந்தேகமும் சேரும். 2023 ஜனவரியில் வந்த குரோம் 109தான் அதற்குக் கடைசி, அதனால் புதிய தளங்கள் சில ஒழுங்காக வராது. ஆனால் எல்லாமே ஒரே நாளில் நிற்பதற்கு அது காரணம் ஆகாது.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால், செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸ் என்பதற்குள் 'நெட்வேர்க் ரீசெட்' இருக்கிறது. அது நெட்வேர்க் பகுதியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டும், ஃபைல்களைத் தொடாது. வைஃபை பாஸ்வேர்ட் எல்லாம் மறந்துபோகும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் வேண்டும் என்றால் பிறகு திரும்பப் போட வேண்டிவரும். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருக்கலாம், ஆனால் புரோக்சியை எழுதுகிற புரோகிராம் உள்ளே இருந்தால் நாளைக்கே திரும்ப எழுதும், காரணம் தெரியாமலே போயிருக்கும்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் மேலே சொன்ன புரோக்சி, அன்டிவைரஸ், விபிஎன், டிஎன்எஸ் எல்லாம் ஒரே அடியில் போய்விடும், அதனால் அது வேலை செய்யும். மேசையில் பத்து மெஷின் காத்திருக்கும்போது ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தேடுவதை விட அது கெதியாக முடியும். அவருக்கு அது லாபம், உங்களுக்கு அது தேவையா என்பதுதான் வேறு. கடைசியில் போடத்தான் வேண்டும் என்று வந்தால், எந்தப் பதிப்பு போடுகிறார் என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. லைசன்ஸ் இல்லாமல் கிரேக் போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்த மாதிரிப் புரோகிராம்கள் வீட்டுக்குள் வருகிற வழிகளில் அதுவும் ஒன்று.

கொடுப்பதற்கு முன் மகளின் குறிப்புகளை நீங்களே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். 'டி டிரைவில் இருப்பது போகாது' என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் திறந்து பார்த்து எடுங்கள். குறிப்புகள் பாமினியில் தட்டியவை என்றால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருந்து பாமினி எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். புதிய விண்டோஸில் அது இருக்காது, அது இல்லாமல் ஃபைலைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகச் சிதறித் தெரியும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து யாராவது அழித்துவிடக்கூடும்.